புலி வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு குடும்பம்! வண்டலூர் கீப்பரின் மனைவி-மக்கள் பார்த்த காட்சிகள்

(நமது நிருபர்)

சென்னைவாசிகளில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகாதவர்கள் குறைவு. டிக்கெட் வாங்கி, அகழிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் தூங்கும் புலியைப் பார்த்து, "எழுந்திரிக்கவே மாட்டேங்குதே!" என்று அலுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள்.

அந்தப் புலி ராத்திரியில் எங்கே படுக்கிறது? அதன் அறையைக் கழுவுவது யார்? அதற்கு வயிறு சரியில்லை என்றால் யாருக்கு முதலில் தெரியும்?

இதையெல்லாம் 24 ஆண்டுகளாகச் செய்து வரும் ஒரு கீப்பரின் வீட்டில் இருப்பவர்களே, அவர் வேலை செய்யும் இடத்தை ஒருநாளும் பார்த்தது கிடையாது!

போன சனிக்கிழமை பார்த்தார்கள். மேலதிகாரிகளிடம் முறைப்படி அனுமதி வாங்கி, கீப்பர் (வயது 51) தன் தாயார், மனைவி, மகள், மகன் ஆகிய 4 பேரையும் பின்வழியாக அழைத்துப் போனார். நாமும் கூடவே போனோம். "பேரு மட்டும் போடாதீங்க தம்பி" என்று கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டுவிட்டோம்.

மகன் சொன்ன பொய்

இந்தப் பயணத்துக்குக் காரணம் 8-ம் வகுப்பு படிக்கும் மகன்தான்.

பள்ளிக்கூடத்தில், "உங்க அப்பா என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார்கள். ஜூவில் வேலை என்று சொல்லியிருக்கிறான். "ஓ… சாணி அள்றவரா?" என்று ஒருவன் சிரிக்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கூடம் மாறியபோது அதே கேள்வி வந்தது. பையன், "கவர்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க்" என்று சொல்லிவிட்டான்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போன இடத்தில் டீச்சர், "எந்த ஆபீஸ்ல சார் இருக்கீங்க?" என்று கேட்க, விஷயம் வெளியே வந்துவிட்டது.

"அடிக்கல தம்பி. அடிச்சு என்ன ஆகப்போவுது? ஒரு நாள் வந்து பாரு, அப்புறம் நீ என்ன வேணா சொல்லிக்கோன்னேன்" என்றார் கீப்பர்.

மனைவிக்கு (45) வேறு கவலை. வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறார். புருஷன் புலி, சிங்கம் பக்கத்தில் நிற்பது அவருக்கு எப்போதுமே பிடித்ததில்லை. 2021-க்குப் பிறகு சுத்தமாகப் பிடிக்கவில்லை. "தோட்ட வேலைக்கு மாத்திக் கேளுங்க, மாத்திக் கேளுங்க" என்று 4 ஆண்டுக்கு மேலாக ஒரே நச்சரிப்பு.

2021-ல் என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறோம்.

"உயிர் காலேஜ்!"

காலை 7 மணி. உள்ளே போகும்போதே 74 வயது ஆயா, "இது என்னடா உயிர் காலேஜு? அது பார்க்ல இல்ல இருந்துச்சு!" என்றார்.

பேரப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஆயா சொன்னது பழைய சென்னைப் பேச்சு. மிருகக்காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்" என்றும், எழும்பூர் மியூசியத்துக்கு "செத்த காலேஜ்" என்றும் பட்டணத்து மக்கள் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டையும் பார்க்க வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு.

உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜுக்குள்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1855-ம் ஆண்டு எழும்பூர் மியூசியத்தில், அதன் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபோர் என்ற வெள்ளைக்கார டாக்டர்தான் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். செத்ததைப் பார்க்க வருகிற கூட்டத்தைவிட உயிருள்ளதைப் பார்க்க வருகிற கூட்டம் அதிகமானது. சில ஆண்டுகளில் மிருகங்கள், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின. நூறாண்டுக்கு மேல் அங்கேதான் வாசம்.

பக்கத்தில் மூர் மார்க்கெட், சுற்றிலும் வண்டிச் சத்தம், நடுவில் சின்னச் சின்னக் கூண்டுகள். "நின்னா திரும்ப முடியாத கூண்டுல சிங்கம் நடந்துக்கினே இருக்கும். பாவமா இருக்கும். ஆனா ராத்திரி அது கத்தினா எங்க தெருவுக்கே கேக்கும்" என்றார் ஆயா.

1976-ல் வண்டலூர் காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1979-ல் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அதே 1985-ல் மே மாதம்தான் மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. பட்டணத்துப் பிள்ளைகளின் இரண்டு சொர்க்கங்கள் ஒரே ஆண்டில் அந்த இடத்தைவிட்டு மறைந்தன!

இன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். அதாவது 1,480 ஏக்கருக்கு மேல்! கூண்டுக்குப் பதில் அகழியும் மரமும்.

ஊதா தண்ணீர்

பின்பக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்னத் தொட்டி. அதில் ஊதா நிறத் தண்ணீர். எல்லோரும் செருப்புக் காலோடு அதில் இறங்கி ஏற வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீர். தெருவில் மிதித்த கிருமி, மிருகத்தின் அறைக்குள் போகாமலிருக்க இந்த ஏற்பாடு.

கீப்பர் கண்டிப்பான குரலில் சட்டம் சொன்னார்:

"யாரும் கையை நீட்டக் கூடாது. ஓடக் கூடாது. கத்தக் கூடாது. நான் நில்லுன்னா நிக்கணும். எதையும் தொடக் கூடாது. தொட்டுப் பார்க்கிற இடமில்ல இது."

"இவரு வீட்ல இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லீங்க" என்று மனைவி நம்மிடம் மெதுவாகச் சொன்னார்.

எலும்போடு இறைச்சி

முதலில் பார்த்தது சமையல் கட்டு! ஆம், மிருகங்களுக்கும் சமையல் கட்டு உண்டு. பழங்களைக் கழுவி நறுக்கி, பெயர் எழுதிய கூடைகளில் போடுகிறார்கள். கீரை, கேரட், வாழைப்பழம், வேகவைத்த முட்டை, வேர்க்கடலை என்று குரங்குக்கு ஒரு கணக்கு, பறவைக்கு ஒரு கணக்கு. எல்லாம் தராசில் நிறுத்துத்தான்.

இன்னொரு பக்கம் மாட்டிறைச்சி. பெரிய புலிக்கு நாளைக்கு 6, 7 கிலோ வேண்டும். எலும்போடுதான் போடுவார்கள். வெறும் சதை மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் புலியின் எலும்பு வளையும். இந்திய மிருகக்காட்சி சாலைகளில் புலி, சிங்கத்துக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதும் வழக்கம். காட்டுப் புலிக்குத் தினமும் வேட்டை கிடைப்பதில்லை. அதே பழக்கம்தான் வயிற்றுக்கு நல்லது.

"எங்க வீட்டுக்காரரு சாப்பாட்டுல உப்பு குறைஞ்சாக்கூட எதுவும் சொல்ல மாட்டாரு. இங்க கிராம் கணக்கு பாக்குறாரு!" என்று மனைவி சொல்ல, தராசு பிடித்திருந்த ஊழியரும் சிரித்துவிட்டார்.

பூட்டுக் கணக்கு

அடுத்தது புலி வீடு.

வெளியே நாம் பார்க்கும் திறந்தவெளிக்குப் பின்னால், இரவில் தங்க அறைகள் இருக்கின்றன. நடுவில் ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் தடித்த இரும்புக் கம்பி. ஓர் அறைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மேலே ஏறி இறங்கும் இரும்புக் கதவு. அதை உள்ளே போகாமலே, வெளியிலிருந்து கம்பி இழுத்து இயக்குகிறார்கள். வெளிக்கதவு, உள்கதவு என்று இரட்டைக் கதவு. ஒன்றைப் பூட்டாமல் இன்னொன்றைத் திறக்கக் கூடாது.

வேலை இப்படி நடக்கிறது:

காலையில் வந்ததும் முதல் வேலை, தலை எண்ணுவது. பிறகு ஒவ்வொரு மிருகத்தையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பது. கண்ணில் நீர் வடிகிறதா, நொண்டுகிறதா, ராத்திரி போட்ட இறைச்சியில் மிச்சம் இருக்கிறதா? பிறகு கதவை இழுத்து, புலியைத் திறந்தவெளிக்கு அனுப்பிவிட்டு, கதவை இறக்கிப் பூட்டு. மறுபடி எண்ணு. அத்தனையும் வெளியே போய்விட்டன என்று உறுதியான பிறகுதான் துடைப்பத்தோடு உள்ளே போவது.

அந்தச் "சாணி அள்ளும்" வேலை அப்போதுதான் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்று மகனுக்கு அப்பா விளக்கினார்.

"இது இளகியிருந்தா வயிறு சரியில்ல. ரத்தம் இருந்தா உடனே டாக்டர். புழு இருந்தா மருந்து. அது வாயைத் திறந்து 'எனக்கு வலிக்குது'ன்னு சொல்லாது. காட்டு மிருகம் நோவை மறைக்கும். நோவு தெரிஞ்சா காட்டுல இன்னொன்னு வந்து அடிச்சிடும். அதனால இதுதான்டா அதோட லெட்டரு. தினம் படிக்கணும்."

மகன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

கடைசி அறையில் ஒரு வெள்ளைப் புலி இன்னும் வெளியே போகாமல் இருந்தது. ஐந்தடி தள்ளி எல்லோரையும் நிறுத்தினார் கீப்பர். புலி எழுந்து கம்பி ஓரம் வந்தது. மூக்கு வழியாக "புர்ர்… புர்ர்…" என்று ஒரு சத்தம்.

மனைவி பின்னால் நகர்ந்துவிட்டார். "கோவமாங்க?"

"கோவம் இல்ல. வணக்கம் சொல்லுது. புலி தெரிஞ்சவங்களுக்கு இப்படித்தான் சொல்லும்."

உலகத்தில் மிருகக்காட்சி சாலைகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சம், 1951-ல் மத்தியப் பிரதேசத்து ரேவா பகுதிக் காட்டில் பிடிபட்ட "மோகன்" என்ற ஒரே குட்டியிலிருந்து வந்ததாகும். தனி ஜாதி அல்ல. நம் வங்கப் புலிதான், நிறம் மாறிப் பிறந்தது. ஒரே வம்சத்துக்குள் சேர்த்து வளர்த்ததால் மாறுகண், பலவீனம் என்று பல கோளாறுகளும் வந்தன.

சட்டையில் அரிசி வாசனை

இங்கே ஒரு குடும்ப ரகசியமும் வெளிப்பட்டது!

"கல்யாணம் ஆன புதுசுல இவரு சட்டையைத் துவைக்கும்போது ஒரு வாசனை வரும். பிரியாணி அரிசி வேகுற மாதிரி. எங்க போய் யாரு வீட்ல பிரியாணி சாப்பிட்டுட்டு வர்றாருன்னு நான் ரொம்ப நாள் சண்டை போட்டிருக்கேன்" என்றார் மனைவி.

அந்த வாசனை புலியுடையது! புலி தன் எல்லையைக் காட்ட மரத்தில் பீய்ச்சும் திரவத்தில், பாசுமதி அரிசியில் இருக்கும் அதே வாசனைப் பொருள் இருப்பதைக் கல்கத்தா விஞ்ஞானி ஆர்.எல்.பிரம்மசாரி ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார். இருபது ஆண்டுச் சந்தேகம் புலி அறை வாசலில் தீர்ந்தது!

சிங்கத்துக்கு வந்த கொரோனா

சிங்க அறைகள் பக்கம் போகும்போது மனைவியின் பேச்சு நின்றுவிட்டது.

2021 மே மாதக் கடைசி. ஊரெங்கும் கொரோனா இரண்டாவது அலை. பூங்கா மூடியிருந்தது. ஆனாலும் சிங்கங்கள் இருமின; இரை எடுக்கவில்லை. மாதிரி எடுத்து போபாலில் உள்ள ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். 9 சிங்கங்களுக்குக் கொரோனா என்று முடிவு வந்தது. ஜூன் 3-ந் தேதி நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16-ந் தேதி பத்மநாதன் என்ற 12 வயது ஆண் சிங்கம் இறந்தது. மனிதர்களைப் பிடித்தாட்டிய அதே டெல்டா வகைக் கிருமிதான் என்று பரிசோதனையில் தெரிந்தது.

அப்போது இந்தக் குடும்பம் எப்படி இருந்தது?

"வீட்டு வெளித் திண்ணையிலதான் படுத்தாரு. தனித் தட்டு, தனிச் சொம்பு. சின்னவன் ஓடிவந்தா தூரப் போடான்னு விரட்டுவாரு. எனக்கு வந்தாலும் பரவாயில்ல, என்னாலே அதுங்களுக்குப் போயிடக் கூடாதுன்னு சொல்லுவாரு. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. எங்களைச் சொல்லாம சிங்கத்தைச் சொல்றாரேன்னு!" என்றார்.

கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன். உங்களுக்கு ஆஸ்பத்திரி இருந்துச்சு. அதுங்களுக்கு நாங்கதான் இருந்தோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உள்ளே எங்கோ ஒரு சிங்கம் கனைத்தது. ஆயா மட்டும், "அதேதான்! அதே குரலு!" என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கஸில் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கை வைத்து வித்தை காட்ட மத்திய அரசு 1998-ல் தடை போட்டது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் தடை செல்லும் என்றது. அப்படி மீட்கப்பட்ட மிருகங்களை வைத்துக் காப்பாற்ற நாட்டில் சில இடங்களில் மறுவாழ்வு மையம் வைத்தார்கள். வண்டலூரும் அதில் ஒன்று. சாட்டைக்குப் பயந்தே வாழ்ந்த சிங்கங்கள் கடைசிக் காலத்தை இங்கே நிம்மதியாகக் கழித்தன.

சளி பிடித்தவருக்கு அனுமதி இல்லை

பிளஸ்-2 படிக்கும் மகளுக்கு மிகவும் ஆசை, சிம்பன்சியைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று. ஆனால் காலையிலிருந்து இரண்டு தும்மல். அப்பா தடை போட்டுவிட்டார்!

"சிம்பன்சிக்கும் நமக்கும் ஒரே மாதிரி உடம்பு. நம்ம சளி அதுக்கு ஒட்டும். நமக்கு ரெண்டு மாத்திரையோட போயிடும். அது செத்துப்போயிடும்."

மகள் முகம் சுருங்கிவிட்டது. பொதுமக்கள் நிற்கும் இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டார். பயாலஜி பாடத்தில் படித்ததை அங்கேயே ஒப்பிக்கவும் செய்தார்.

அடுத்து நீர்யானை. ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. வாயைத் திறந்தபோது உள்ளே கைநீளத்துக்குப் பல்! "புல் தின்கிற மிருகம், சாது" என்று நினைத்தால் தவறு. ஆப்பிரிக்காவில் மனிதர்களைக் கொல்லும் மிருகங்களில் இதுவும் முன்வரிசையில் இருக்கிறது. அதன் தோலில் சிவப்பாக வழிவதைப் பார்த்து ஆயா பதறிவிட்டார். அது ரத்தம் அல்ல. வெயிலும் கிருமியும் தாக்காமல் தோல் தானே சுரக்கும் மருந்து!

பாம்புப் பண்ணையில் ஆயாவுக்கும் மகனுக்கும் வழக்கு. "வெள்ளிக்கிழமை புத்துக்குப் பால் ஊத்துறேனே, அதை யாரு குடிக்கிறாங்களாம்?" "எறும்பு குடிக்குதும்மா. பாம்பு பால் குடிக்காது."

மண்ணுளிப் பாம்பைப் பார்த்ததும் நமக்குப் பழைய போலீஸ் செய்திகள் நினைவுக்கு வந்தன. "இரட்டைத் தலைப் பாம்பு, வீட்டில் வைத்தால் கோடி ரூபாய் வரும்" என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் பிடிபட்டது எத்தனை தடவை! அதற்குத் தலை ஒன்றுதான். வால் மழுங்கலாக இருப்பதால் தலைபோல் தெரிகிறது. அவ்வளவுதான் ரகசியம். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

கடத்தல் என்றதும் கீப்பர் இன்னொன்றை நினைவுபடுத்தினார். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பையில் சத்தம் கேட்டது. திறந்தால் ஒரு மாதம்கூட நிரம்பியிருக்குமா என்று சந்தேகப்படும்படியான சிறுத்தைக் குட்டி! எடை ஒரு கிலோ சொச்சம். தாயைப் பிரிந்த அந்தக் குட்டியை வண்டலூருக்குத்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"யோவ் பெருசு!"

காலை 9 மணிக்கு முன்வாசல் திறந்தது. ஒரு மணி நேரத்தில் திருவிழாக் கூட்டம்.

முதலைக் குளத்துப் பக்கம் நடந்தபோது அந்தச் சம்பவம் நடந்தது. முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தது. உடம்புச் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ள முதலை அப்படித்தான் கிடக்கும். நான்கைந்து இளைஞர்கள், "பொம்மைடா!" என்று சொல்லி, ஒருவர் கல்லை எடுத்து வீசினார். கல் முதலையின் கண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தது.

கீப்பர் ஓடிப்போய்த் தடுத்தார். "கல்லு போடாதீங்க தம்பி. கண்ணு போயிடும்."

"யோவ் பெருசு! டிக்கெட் வாங்கித்தான்யா வந்திருக்கோம். நீ போய் உன் சாணியை அள்ளு!"

மகன் இரண்டடி பின்னால் நின்றான். முகம் சிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே வார்த்தை!

கீப்பர் கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "டிக்கெட்டு பாக்கத்தான் தம்பி. அடிக்க இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றார். சுற்றி நின்ற பெண்கள் இரண்டு பேர் அவருக்குப் பரிந்து பேச, இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

அவர்கள் நின்ற இடத்தில் சிப்ஸ் கவர் ஒன்று கிடந்தது. யாரும் சொல்லாமலே மகன் அதை எடுத்துப் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டான். மான், குரங்கு அதைத் தின்றால் குடல் அடைத்துச் சாகும் என்று சற்று முன்னால்தான் அப்பா சொல்லியிருந்தார்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2017-ல் துனிசியா நாட்டின் தலைநகர் துனிஸ் மிருகக்காட்சி சாலையில், பார்வையாளர்கள் கல்லால் அடித்தே ஒரு முதலையைக் கொன்றுவிட்டார்கள்! நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மிருகக்காட்சி சாலையில் மிருகத்தைச் சீண்டுவதும், அடிப்பதும், தீனி போடுவதும் குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு.

ஒரு பூட்டு மறந்தால்…

மரத்தடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள். அப்போதுதான் மனைவி நெடுநாள் மனதில் இருந்ததைக் கேட்டார்.

"பெங்களூர்ல ஒருத்தரு செத்தாரே, அது எப்படிங்க?"

கீப்பர் மறைக்கவில்லை. 2017 அக்டோபரில் பன்னேர்கட்டா பூங்காவில், வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன ஒரு காப்பாளரை வெள்ளைப் புலிகள் அடித்துக் கொன்றுவிட்டன. கையில் வளர்ந்தது, தெரிந்த முகம் என்பதெல்லாம் புலிக்குக் கிடையாது. கதவு மூடியிருக்கிறதா, இல்லையா, அது ஒன்றுதான் கணக்கு.

வெளியாட்களும் தப்பவில்லை. 2014 செப்டம்பரில் டெல்லியில் வெள்ளைப் புலி இருந்த பள்ளத்தில் விழுந்த வாலிபரும், 2024 பிப்ரவரியில் திருப்பதியில் சிங்கம் இருந்த இடத்துக்குள் தடுப்பைத் தாண்டிக் குதித்தவரும் உயிரோடு திரும்பவில்லை.

"புலி மேல எனக்குப் பயம் இல்ல. என் மறதி மேலதான் பயம்" என்றார் கீப்பர். "வீட்ல சண்டை போட்டுட்டு வந்தா அன்னிக்குப் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாப்பேன். பெண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்னு நினைச்சுக்கிட்டே பூட்டினா, திரும்பிப் போய் மறுபடி பாப்பேன். 24 வருஷமா அப்படித்தான்."

தோட்ட வேலைக்கு மாற்றிக் கேட்கப் போகிறாரா? நாம் கேட்டோம். கீப்பர் மனைவியைப் பார்த்தார். மனைவி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"அவரு வேற எங்க போனாலும் மனசு இங்கதான் இருக்கும். இருக்கட்டும். ஆனா இனிமே காலையில வீட்ல நான் வாயே திறக்க மாட்டேன். சண்டை எல்லாம் சாயங்காலம்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கீப்பர் சிரிக்கவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வண்டலூர் போகும் வாசகர்களுக்கு:

செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று போய் ஏமாற வேண்டாம்.

கையில் இருக்கும் பிஸ்கெட், கடலை எதையும் மிருகத்துக்குப் போடாதீர்கள். அதற்கு அளந்து வைத்த சாப்பாடு இருக்கிறது.

கல் வீசாதீர்கள், கத்தாதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். புலி தூங்கினால் தூங்கட்டும். பகலில் தூங்குவது அதன் வழக்கம்.

சளி, இருமல் இருந்தால் சிம்பன்சி, குரங்குகள் பக்கம் நெருங்காதீர்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஒரு மிருகத்தைத் தத்து எடுக்கலாம்! வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதன் தீனிச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். பறவை முதல் புலி வரை ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. இதற்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தும் எடுக்கலாம்.

முக்கியமாக, காக்கி உடையில் ஒருவர் "கல்லு போடாதீங்க" என்று சொன்னால் கேளுங்கள். அந்த மிருகம் நேற்று ராத்திரி எவ்வளவு சாப்பிட்டது என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை மாலை கீப்பருக்குப் போன் செய்தோம். மகன் பள்ளிக்கூடத்தில் ஏதாவது சொன்னானா?

"சொல்லியிருக்கான் தம்பி. 'எங்க அப்பாவுக்குப் புலி வணக்கம் சொல்லும்'னு சொன்னானாம். ஒருத்தனும் நம்பலையாம். கூட்டிக்கிட்டு வந்து காட்டுப்பான்னு கேக்குறான். 40 பிள்ளைங்களுக்கு நான் எங்க போய் பர்மிஷன் வாங்குவேன்?"